வெள்ளிக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு: கல்லூரி ஆட்ட நடுவராக விரும்புபவர் பயிற்சி முகாமுக்குத் தயாராவது எப்படி

அமெரிக்கக் கால்பந்தில் வெள்ளிக்கிழமை இரவு உயர்நிலைப் பள்ளிகளுக்கு உரியது, சனிக்கிழமை கல்லூரிகளுக்கு உரியது. பள்ளி ஆட்டங்களுக்குச் சில ஆண்டுகள் நடுவராக நின்ற பலருக்கும் அந்தச் சனிக்கிழமை மீது ஒரு கண் இருக்கும். விண்ணப்பம் எழுதிப் போட்டால் மட்டும் அங்கே போய்விட முடியாது. கல்லூரி கான்ஃபரன்ஸ்களுக்கு, அதாவது தங்களுக்குள் ஆடும் கல்லூரிக் குழுக்களுக்கு, நடுவர்களை நியமிக்கும் ஒருங்கிணைப்பாளர்கள் உங்களை நேரில், மைதானத்தில், பந்து உயிரோடு, அதாவது ஆட்டத்தில், இருக்கும்போது பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இளவேனிலிலும் கோடையிலும் நடுவர் முகாம்கள் நடக்கின்றன.

முகாமுக்குப் போகும் பெரும்பாலோர் அங்கே ஒரு கடினமான தீர்ப்பைச் சரியாகச் சொல்லிப் பெயர் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். மதிப்பீட்டாளர் உங்கள் பின்னால் நின்று பார்க்கும் நேரத்தில் அப்படியொரு தீர்ப்பு வராமலே போகலாம். பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் ஸ்நாப்புக்கு முன்னால் ஆட்களை எண்ணுகிறீர்களா, பந்து இறந்த பிறகு உங்கள் கண் எங்கே போகிறது, விதிமீறலுக்குக் கொடி வீசியதும் கை பதறுகிறதா என்பவை மட்டும் ஒவ்வொரு ப்ளேயிலும், அதாவது ஸ்நாப்பிலிருந்து விசில் வரையான ஒவ்வொரு துண்டு ஆட்டத்திலும், தெரியும். அவர் எடை போடுவது உங்கள் பழக்கங்களை. பழக்கம் மூன்று நாள் முகாமில் வராது, அதற்கு முந்தைய குளிர்காலத்தில் வந்திருக்க வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் முகாமுக்கு முந்தைய மாதங்களைப் பற்றித்தான் பேசுகிறது.

முதலில், எந்த முகாம்?

முகாம்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று கற்றுக்கொடுப்பதற்கென்றே நடப்பது. அனுபவம் உள்ள கல்லூரி நடுவர்கள் வகுப்பெடுப்பார்கள், மைதானத்தில் திருத்துவார்கள், வேலைக்கு எடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மற்றொன்று ஒரு கான்ஃபரன்ஸோ சில கான்ஃபரன்ஸ்கள் சேர்ந்தோ நடத்துவது. அங்கே நியமிக்கும் ஒருங்கிணைப்பாளரே கையில் குறிப்பேட்டோடு நிற்பார். முதல் தடவை போகிறவர் நேராக இரண்டாவது வகைக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களை முதன்முதலில் பார்க்கும் கண் உங்கள் தயாராகாத முகத்தைப் பார்த்தால், அந்தப் பதிவை அழிக்க ஓரிரு ஆண்டுகள் ஆகும். ஒரு பருவம் கற்பிக்கும் முகாமில் அடி வாங்கிக்கொண்டு, அடுத்த பருவம் தேர்வு முகாமுக்குப் போங்கள்.

எந்த மட்டத்துக்குக் குறி வைப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். ஜூனியர் கல்லூரி, என்.ஏ.ஐ.ஏ. என்ற சிறு கல்லூரிகளின் அமைப்பு, கல்லூரி விளையாட்டின் பெரிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் டிவிஷன் 3, டிவிஷன் 2, பிறகு டிவிஷன் 1இன் கீழ்ப் பிரிவான எஃப்.சி.எஸ்., உச்சியில் அதன் மேல் பிரிவான எஃப்.பி.எஸ். என்று படிகள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரத்தில் எந்தக் கல்லூரிகள் ஆடுகின்றன, அவற்றுக்கு நடுவர்களை யார் நியமிக்கிறார் என்று விசாரியுங்கள். உங்கள் உள்ளூர் நடுவர் சங்கத்திலேயே கல்லூரி ஆட்டம் பார்க்கும் ஒருவராவது இருப்பார். அவரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏற எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: நடுவர் சாரா தாமஸ் மிசிசிப்பியில் 1990களில் பள்ளி ஆட்டங்களில் தொடங்கியவர். 2007இல் உயர்மட்டக் கல்லூரி ஆட்டத்துக்கு நடுவராக நின்ற முதல் பெண் ஆனார், 2015இல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அவரை எடுத்துக்கொண்டது, 2021இல் அதன் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் மைதானத்தில் நின்றார். தொடக்கத்திலிருந்து கல்லூரி மட்டம் வரை பத்தாண்டுக்கு மேல். விரைவாக ஏறிவிடலாம் என்ற கணக்கோடு வருகிறவர்கள் இந்த இடைவெளியை மனதில் வைப்பது நல்லது.

ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலும் ஐந்து பேர் கொண்ட குழு. கல்லூரியில் ஏழு, எஃப்.பி.எஸ். மட்டத்தில் எட்டு. அந்த எட்டாமவரான சென்டர் ஜட்ஜை 2013இல் பிக் 12 கான்ஃபரன்ஸ் சோதனையாகக் கொண்டுவந்தது. வேகமாக ஆடும் அணிகளுக்கு ஈடுகொடுத்துப் பந்தை விரைவாக வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஐந்து பேர் குழுவில் பழகியவருக்கு ஏழு பேர் குழு முதலில் நெரிசலாகத் தோன்றும். பள்ளியில் ஒரே ஆள் பார்த்த பரப்பைக் கல்லூரியில் இருவர் பிரித்துக்கொள்கிறார்கள். உங்கள் பங்கை மட்டும் பார்ப்பதும், அடுத்தவர் பங்கில் கண்ணை விடாமல் இருப்பதும் புதிய ஒழுக்கம்.

முகாம் விண்ணப்பத்தில் எந்த இடம் என்று கேட்பார்கள். "எங்கே நிறுத்தினாலும் நிற்பேன்" என்று எழுதாதீர்கள். ஒருங்கிணைப்பாளருக்கு ஆள் தேவைப்படுவது ஒரு குறிப்பிட்ட இடத்தில். ப்ளே தொடங்கும் ஸ்க்ரிமேஜ் கோட்டில் நிற்கும் ஹெட் லைன் ஜட்ஜ், லைன் ஜட்ஜ் ஆகிய இரண்டு ஓர இடங்களும், தடுக்கும் அணிக்குப் பின்னால் ஆழத்தில் நிற்கும் ஃபீல்டு ஜட்ஜ், சைடு ஜட்ஜ், பேக் ஜட்ஜ் ஆகிய மூன்று இடங்களும் புதியவர்கள் நுழைய வசதியானவை. பள்ளியில் வெள்ளைத் தொப்பி அணிந்த தலைமை ரெஃப்ரியாக இருந்தவர்கள் அதே தொப்பியோடு கல்லூரிக்குள் நுழைய ஆசைப்படுகிறார்கள். அந்த இடங்கள் மிகக் குறைவு, காத்திருப்போர் வரிசை நீளம். ஓர இடமோ ஆழ இடமோ எடுத்துக்கொண்டு உள்ளே போவதையே நான் பரிந்துரைப்பேன்.

விதிப்புத்தகம்: கை மறக்க வேண்டியவை

பள்ளி ஆட்டங்கள் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பான என்.எஃப்.எச்.எஸ். விதிகளில் நடக்கின்றன, கல்லூரி ஆட்டங்கள் என்.சி.ஏ.ஏ. விதிகளில். டெக்சஸ் மாநிலத்தில் பள்ளிகளே என்.சி.ஏ.ஏ. விதிகளை அடிப்படையாக வைத்து ஆடுவதால் அங்கிருந்து வருபவர்களுக்கு இந்தப் பகுதி எளிது. மற்ற எல்லோருக்கும் இதுதான் பெரிய வேலை.

வேறுபாடுகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் தேர்வில் தேறலாம். மைதானத்தில் தடுக்கி விழுவீர்கள். ஆகவே வேறுபாடுகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தெரிந்திருந்தால் போதும் என்பவை ஒரு பக்கம், கை தானாகச் செய்வதை நிறுத்த வேண்டியவை மறுபக்கம்.

முதல் வகை கணக்கு சம்பந்தப்பட்டது. ஆட்டத்தின் ஒவ்வொரு கால் பகுதியும் 12 நிமிடத்துக்குப் பதில் 15 நிமிடம். கிக்ஆஃப் 40க்குப் பதில் 35 யார்டு கோட்டிலிருந்து. பந்தை வைக்கும் எல்லையைக் காட்டும் ஹாஷ் கோடுகளுக்கு இடையே பள்ளியில் 53 அடி 4 அங்குலம், கல்லூரியில் 40 அடி. பாஸில் தடுப்பு அணி குறுக்கிட்டால் பள்ளியில் 15 யார்டு மட்டும். கல்லூரியில் விதிமீறல் 15 யார்டுக்குள் நடந்தால் நடந்த இடத்தில் பந்து, அதற்கு அப்பால் நடந்தால் 15 யார்டு, இரண்டுக்கும் முதல் டவுன், அதாவது பத்து யார்டு முன்னேற நான்கு புதிய வாய்ப்புகள், தானாகக் கிடைக்கும். பாஸ் பிடிக்கத் தகுதியில்லாத வரிசை வீரர் கல்லூரியில் மூன்று யார்டு வரை முன்னால் போகலாம். இவற்றை உட்கார்ந்து படித்தால் வந்துவிடும்.

இரண்டாவது வகைதான் ஆபத்தானது. தடுப்பு வரிசை வீரர் ஒருவர் ஸ்நாப்புக்கு முன் துள்ளி, இரு அணிகளுக்கும் இடையிலான நடுநிலைப் பகுதிக்குள் வந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விதிப்படி அந்த நொடியே ப்ளே இறந்துவிட்டது, உங்கள் வாயில் விசில் தானாக ஒலிக்கும். கல்லூரியில் அவர் யாரையும் தொடாமல், எதிரே நிற்கும் தாக்கு வரிசை வீரரை அசைய வைக்காமல் திரும்பிவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. ஸ்நாப் நேரத்தில் இன்னும் உள்ளே இருந்தால் கொடி விழும், ப்ளே தொடரும், தாக்கும் அணிக்கு அது இலவச வாய்ப்பு. அங்கே நீங்கள் பழக்கத்தால் விசில் ஊதினால் ஓர் அணி கோல் கோட்டைத் தாண்டி எடுக்கவிருந்த டச்டவுனையே பறித்துவிடக்கூடும். முகாம்களில் பள்ளி நடுவரை அடையாளம் காட்டிக்கொடுப்பது இந்த ஒரு விசில்தான்.

கிக்ஆஃப் பந்து கோல் கோட்டைத் தாண்டியதும் பள்ளியில் டச்பேக், பந்து இறந்துவிட்டது. கல்லூரியில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, கோல் கோட்டுக்குப் பின்னாலுள்ள எண்ட் ஸோனில் பிடித்தவர் வெளியே ஓடி வரலாம். டச்டவுனுக்குப் பிந்தைய கூடுதல் புள்ளி முயற்சியில் தடுப்பு அணி பந்தைக் கைப்பற்றினால் பள்ளியில் முயற்சி முடிந்தது. கல்லூரியில் அந்த அணி எதிர்முனைக்கு ஓடி இரண்டு புள்ளி எடுக்கலாம். பந்து கை மாறியதும் நிதானமாக நடக்கத் தொடங்கும் நடுவரை மதிப்பீட்டாளர் உடனே குறித்துக்கொள்வார்.

கடிகாரமும் கையின் வேலைதான். பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் பள்ளியில் அடுத்த ஸ்நாப் வரை கடிகாரம் நிற்கும். கல்லூரியில் ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர, ரெஃப்ரி பந்து தயார் என்று காட்டியதும் ஓடத் தொடங்கிவிடும். முதல் டவுன் கிடைத்ததும் கடிகாரத்தை நிறுத்துவது கல்லூரியில் நெடுநாள் வழக்கம். 2023 முதல் அதுவும் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் என்று சுருங்கியது. 2024இல் ஒவ்வொரு பாதியிலும் இரண்டு நிமிடம் மீதமிருக்கும்போது ஓர் இடைவேளையும் வந்தது. பழைய புத்தகத்தை வைத்துப் படித்தால் இவை தவறும், நடப்பு ஆண்டுப் புத்தகமே வேண்டும்.

டார்கெட்டிங் விதியைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். தலைக்கவசத்தின் உச்சியால் வேகமாக மோதுவது, தற்காப்பு இல்லாத வீரரின் தலையிலோ கழுத்திலோ வலுவாக மோதுவது ஆகிய இரண்டும் அதில் வரும். 2013 முதல் 15 யார்டோடு வீரரை வெளியேற்றவும் செய்கிறார்கள். ஓர் இளைஞரின் தலையையும் மூளையையும் காக்க எழுதப்பட்ட விதி இது. ஐயம் வந்தால் கொடி வீச வேண்டும் என்று விதியே சொல்கிறது. தரையை விட்டு எம்புவது, குனிந்து மேல்நோக்கிப் பாய்வது, தலையைத் தாழ்த்தி மோதுவது போன்ற அறிகுறிகளைக் காணொளியில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

விதிப்புத்தகத்தோடு சேர்த்து, காலேஜ் ஃபுட்பால் அஃபீஷியேட்டிங் அமைப்பின் மெக்கானிக்ஸ் கையேட்டையும் வாங்குங்கள். யார் எங்கே நிற்பது, ஸ்நாப்பில் யாரைப் பார்ப்பது, ஓட்டம் தன் பக்கம் வந்தால் எங்கே பின்வாங்குவது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் இடத்துக்கான பக்கங்களை மட்டும் முதலில் படியுங்கள், மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்களையே பாருங்கள்

பள்ளி ஆட்டங்கள் பெரும்பாலும் ஹட்ல் என்ற காணொளித் தளத்தில் பதிவாகின்றன. பயிற்சியாளரிடம் மரியாதையாகக் கேட்டால் பார்க்க விடுவார்கள். கடந்த பருவத்து ஆட்டம் ஒன்றை எடுத்து இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் முறை ஸ்நாப்புக்கு முந்தைய நொடிகளை மட்டும் பாருங்கள். டவுனை உறுதி செய்தீர்களா, ஆட்களை எண்ணினீர்களா, எண்ணிக்கையைச் சக நடுவருக்குக் கை காட்டினீர்களா? கல்லூரியில் தாக்கும் அணியை ரெஃப்ரியும் அம்பயர் என்ற மற்றொரு நடுவரும் எண்ணுகிறார்கள், தடுக்கும் அணியை ஆழத்தில் நிற்கும் மூவர் எண்ணுகிறார்கள். பதினொருவருக்குப் பதில் பன்னிரண்டு பேர் நிற்கும்போது கொடி விழாமல் ப்ளே நடந்துவிட்டால் மன்னிப்பே கிடையாது, ஏனென்றால் அது பார்வைக் கோளாறு அல்ல, சோம்பல்.

இரண்டாம் முறை விசிலுக்குப் பிந்தைய நொடிகளைப் பாருங்கள். மூன்றாவது டவுன், நான்கு யார்டு தேவை, ஓட்டம் உங்கள் எல்லைக்கோட்டை நோக்கி வருகிறது. நீங்கள் இரண்டடி பின்வாங்கி வீரர்களைக் கடந்துபோக விடுகிறீர்கள். பந்தோடு ஓடுபவரை முதல் டவுன் குறிக்கு அருகே வெளியே தள்ளுகிறார்கள். அந்தக் கணத்தில் புதியவரின் கண் தரையில் இடத்தைத் தேடும், அடுத்து பத்து யார்டை அளக்கும் சங்கிலியைத் தேடும். பழகியவர் முன்னேற்றம் நின்ற இடத்தில் காலை ஊன்றிவிட்டு, கடிகாரத்தை நிறுத்தக் கையை உயர்த்தியபடியே, எதிரணி பெஞ்சுக்குள் விழுந்த அந்த வீரரையும் அவரைத் தள்ளியவரையும் பார்த்துக்கொண்டிருப்பார். சண்டை தொடங்குவது அங்கேதான். கால் இடத்தை வைத்திருக்கிறது, கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது. காணொளியில் உங்கள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் பாருங்கள், எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

முகாம் உங்கள் காணொளியைக் கேட்டால் பெரிய ப்ளேக்களாகப் பொறுக்கி அனுப்பாதீர்கள். சாதாரண ஓட்டம், கைக்கெட்டாத பாஸ், பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் ஒரு பன்ட், உங்கள் கொடி ஒன்றிரண்டு, கொடி வீசாமல் விட்ட நெருக்கமான ஒன்று, இப்படிக் கலந்து அனுப்புங்கள். வீசாமல் விட்டதே உங்கள் தீர்ப்பை நன்றாகக் காட்டும். ஹோல்டிங் என்றால் பிடித்து நிறுத்தினாரா, கீழே இழுத்துப் போட்டாரா, அது ஓட்டத்தின் பாதையில் நடந்ததா என்று கல்லூரி நடுவர்கள் வகைப்படுத்திப் பேசுவார்கள். அந்தப் பேச்சு முறையைப் பழகிக்கொள்ளுங்கள். "ஏதோ பிடித்த மாதிரி இருந்தது" என்பது அங்கே செல்லாது.

உடல்

இதில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்லூரி வீரர் பள்ளி வீரரைவிட வேகமானவர், நீங்கள் அவரைவிட முன்பே கோல் கோட்டில் நிற்க வேண்டும். நீண்ட தூரம் மெதுவாக ஓடுவதைவிட, 40 யார்டு வேக ஓட்டம், நடை, மறுபடி ஓட்டம் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஆழத்தில் நிற்பவர்கள் பின்னோக்கி ஓடுவதையும், ஓடியபடியே இடுப்பைத் திருப்பி முன்னோக்கி மாறுவதையும் பழக வேண்டும். தொடைத் தசை கிழிவது முகாம்களில் சாதாரணமாக நடக்கிறது, அதனால் உடலைச் சூடேற்றாமல் மைதானத்தில் இறங்காதீர்கள். கோடை முகாம் வெயிலில் நடக்கும், இரண்டு வாரம் முன்பிருந்தே பகல் நேரத்தில் ஓடிப் பழகுங்கள். பெரும்பாலான முகாம்களில் ஓட்டத் தேர்வு இருக்கும். அளவுகோல் என்ன என்று முன்பே கேட்டு வாங்கி, வீட்டருகே மைதானத்தில் நேரம் வைத்து ஓடிப் பாருங்கள்.

தோற்றம் பற்றி எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். பட்டைச் சட்டை கசங்காமல், கறுப்புக் காலணி பளபளப்பாக, தொப்பி புதிதாக, கால்சட்டை இடுப்பில் பொருந்தி இருக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர்கள் இதைப் பார்க்கிறார்கள், பார்த்து முடிவும் செய்கிறார்கள்.

முகாம் நாட்கள்

முந்தைய மாலையே போய்ச் சேர்ந்துவிடுங்கள். வகுப்பறையில் முன்வரிசையில் உட்காருங்கள், கைப்பேசியைப் பையில் போடுங்கள், நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். காணொளி காட்டி "இது என்ன?" என்று கேட்கும்போது தெரிந்தால் சொல்லுங்கள், எல்லாவற்றுக்கும் கை தூக்க வேண்டாம்.

மைதானத்தில் உங்களோடு நிற்பவர்கள் வேறு மாநிலங்களிலிருந்து வந்த முன்பின் தெரியாதவர்கள். தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் கிடைத்தாலும் பக்கத்தில் நிற்பவரிடம் பேசிக்கொள்ளுங்கள். வீரர்கள் இப்படி வரிசையில் நிற்கும்போது வெளிப்புற வீரரை யார் பார்ப்பது, கோல் கோட்டை யார் எடுப்பது, கடிகாரக் கை யாருடையது. அவர்களும் உங்கள் இடத்துக்குத்தான் போட்டியிடுகிறார்கள் என்று எண்ணித் தள்ளி நிற்பவர்கள் உண்டு. குழுவாக வேலை செய்யத் தெரியாதவரை எந்த ஒருங்கிணைப்பாளரும் எடுக்க மாட்டார்.

கவனிக்கப்பட வேண்டும் என்பதற்காகக் கொடி வீசாதீர்கள். ஆட்டத்தின் போக்கை மாற்றிய விதிமீறலுக்கும், எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த விதிமீறலுக்கும் வீசுங்கள், பாதுகாப்பு சம்பந்தப்பட்டதற்குத் தயங்காமல் வீசுங்கள். பந்தைக் கண்ணால் பார்த்த பிறகே விசில் ஊதுங்கள். பந்து எங்கே என்று தெரியாமல் ஊதியவர் அந்த ப்ளேயைத் திரும்பப் பெற முடியாது. 1941இல் யங்ஸ்டவுன் கல்லூரிப் பயிற்சியாளர் டுவைட் பீடி கொடியைக் கொண்டுவரும்வரை நடுவர்கள் ஊதுகொம்பும் விசிலும் வைத்துத்தான் விதிமீறலை அறிவித்தார்கள். ப்ளேயை நிறுத்தாமலே தவறைக் குறிக்க வேண்டும் என்பதற்குப் பிறந்த கருவி கொடி, அதை அப்படியே பயன்படுத்துங்கள்.

கொடி வீசியதும் ரெஃப்ரியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியவை: என்ன விதிமீறல், எந்த அணி, எந்த எண், எந்த இடம், ப்ளே எப்படி முடிந்தது. இவற்றை ஒரே மூச்சில், ஒரே வரிசையில் சொல்ல வீட்டிலேயே பழகுங்கள். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பள்ளிப்படிப்பை முடித்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரபரப்பில் நம் ஆங்கிலம் வேகமெடுக்கும், எண்களின் கடைசி ஒலி விழுங்கப்படும். ஃபிஃப்டியும் ஃபிஃப்டீனும் ஒன்றாகக் கேட்கும். எண்ணை இலக்கம் இலக்கமாகப் பிரித்துச் சொல்லுங்கள், கையாலும் காட்டுங்கள்.

ப்ளே முடிந்ததும் மதிப்பீட்டாளர் உங்கள் அருகே வந்து, "ஏன் அங்கே நின்றீர்கள்?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பலர் தேர்வை இழக்கிறார்கள். "எங்கள் மாநிலத்தில் அப்படித்தான் நிற்கச் சொல்வார்கள்" என்று தொடங்க வேண்டாம். அவர் விளக்கம் கேட்கவில்லை, மாற்றம் கேட்கிறார். "சரி, ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த ப்ளேயில் அவர் சொன்ன இடத்தில் நில்லுங்கள். அடுத்த ப்ளேயில் மாறிய நடுவர் என்ற ஒரு குறிப்பு அவர் ஏட்டில் விழுந்தால், தவறவிட்ட கொடிகள் இரண்டு இருந்தாலும் பெரிதாக நினைக்க மாட்டார். உண்மையாகவே புரியவில்லை என்றால் ஓய்வு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி, குறிப்பிட்ட ப்ளேயைச் சொல்லிக் கேளுங்கள்.

அன்று இரவே உங்கள் காணொளியைக் காட்டி எல்லோர் முன்னிலையிலும் திருத்துவார்கள். வலிக்கும். உங்கள் ப்ளேக்குக் காட்டும் அக்கறையை மற்றவர்கள் ப்ளேக்கும் காட்டி எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் ஒருங்கிணைப்பாளருக்கும் உங்களைத் திருத்தியவருக்கும் நான்கு வரியில் நன்றி எழுதுங்கள். எந்தத் திருத்தத்தை எடுத்துக்கொண்டீர்கள் என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். வேலை கேட்காதீர்கள், அவருக்குத் தெரியும். பருவம் தொடங்கியதும் அந்தத் திருத்தம் தெரியும் பள்ளி ஆட்டக் காணொளி ஒன்றை அனுப்பிவையுங்கள்.

முதல் முகாமிலேயே எடுத்துக்கொள்ளப்படுவது அரிது. அதே முகாமுக்கு அடுத்த ஆண்டும் போகிறவரின் வளர்ச்சியை ஒருங்கிணைப்பாளர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும், அது உங்களுக்கு நல்லது. இதற்கிடையில் வீட்டிலும் பேசிவிடுங்கள். வெள்ளிக்கிழமை இரவு பள்ளி ஆட்டம், விடிந்ததும் பல மணி நேரக் கார்ப் பயணம், கீழ்மட்டக் கல்லூரிகளில் சுமாரான ஊதியம். ஓர் இலையுதிர்காலம் முழுவதும் வார இறுதி உங்களுடையதாக இருக்காது.

முதல் அழைப்பு பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்த்த வடிவில் வராது. கடிகாரத்தை இயக்க ஆள் வேண்டும் என்றோ, மாற்று நடுவராக ஓரத்தில் நிற்க வேண்டும் என்றோ, காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக நாளை மறுநாள் வர முடியுமா என்றோ வரும். நடுவர்களை ஆட்டங்களுக்கு நியமிக்கும் ஆர்பிட்டர் தளத்தில் உங்கள் ஓய்வு நாட்களை ஒவ்வொரு ஞாயிறும் சரிபார்த்து வையுங்கள். உடுப்புப் பையில் இரண்டு விசில், இரண்டு கொடி, மாற்றுச் சட்டை எப்போதும் இருக்கட்டும். அழைப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று பதில் அனுப்பிவிடுங்கள். பதில் தாமதமானால் அவர் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.